ஒன்பது மணியும் நாலு மணியும்

என் சார்ட்டைக் காட்டிக்கொடுத்தது மிளகளவு ஒரு சதுரம்.

அந்த வருஷம், அதாவது தொண்ணூற்று ஒன்பது பிப்ரவரியில், போலியோ சொட்டு மருந்துக் குப்பிகள் புது லேபிளோடு வந்தன. லேபிளில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம், அதன் நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம். மருந்து சூடுபட்டால் அந்தச் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து செத்தது என்று அர்த்தம், தூக்கி எறிய வேண்டியதுதான். மறுபடி குளிர வைத்தாலும் வெளுக்காது. பார்த்த அன்றே எனக்கு அது பிடித்துப்போயிற்று. மனிதர்கள் நெற்றியிலும் இப்படி ஒன்று ஒட்டினால் எவ்வளவு விசாரணை மிச்சம் என்று, எங்களிடம் பெருக்குகிற வேலம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு என்ன தெரியும்.

நான் சரோஜம்மா. ஊரில் சிஸ்டர் என்பார்கள், நர்ஸம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு சிலதும் சொல்வார்கள். எங்கள் டிஸ்பென்சரி, தங்கச் சுரங்கப் பகுதியில் பாலகாட்டுக்கு அப்பால், மூடிப்போன ஒரு சுரங்க ஷாஃப்டின் பழைய ஸ்டோர் ரூமில் இருக்கிறது. ஷாஃப்ட் மூடியபோதே அந்தப் பக்கத்துக் கரண்ட் கம்பியும் போய்விட்டது. எண்பத்தொன்பதில் டிஸ்பென்சரியை நடத்துகிற டிரஸ்ட்காரர்கள் கூரைமேல் இரண்டு சோலார் தகடுகளை மாட்டி, உள்ளே இரண்டு பேட்டரியும், மேலே மூடி திறக்கிற ஒரு மருந்து ஃப்ரிட்ஜும் வைத்தார்கள். வெயிலில் பேட்டரி ஏறும், இரவெல்லாம் ஃப்ரிட்ஜ் ஓடும். தினமும் காலை ஒன்பது மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் உள்ளேயிருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருந்தால் மருந்துக்கு ஆபத்தில்லை. பத்து வருஷத்தில் ஒரு நாள் நான் எழுதாமல் விட்டதில்லை. காய்ச்சலோடு வந்து எழுதியிருக்கிறேன்.

கோலாரிலிருந்து மாதம் ஒரு தடவை பார்வையிட வருகிற டாக்டர் பிரதாப், அந்த மாதம் ஒரு குப்பியை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். சதுரம் பாதி கறுத்திருந்தது.

"இது ஏனு சிஸ்டர்? மருந்து வந்து பதினெட்டு நாள்தானே ஆச்சு?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

நான் பேசாமல் சார்ட்டை நீட்டினேன். பேசினால் வாய் நீளும் என்று எனக்கே தெரியும்.

"காலைல ஏழு டிகிரி, சாயங்காலம் நாலு டிகிரி. ஒரு நாள்கூட எட்டைத் தாண்டல," என்று படித்தார். "சார்ட் சரியா இருக்கு. ஸ்கொயரும் பொய் சொல்லாது. ரெண்டும் எப்படி சரியா இருக்க முடியும்?"

"அப்போ நான் உக்காந்து கதை எழுதறேன்னு சொல்றீங்களா சார்?"

அவர் நல்ல மனிதர். டிரஸ்டிடம் சொல்லிப் புது சாமான்கள் அனுப்பச் சொல்வதாகவும், அடுத்த மாதமும் சதுரம் கறுத்தால் இங்கே மருந்து கொடுப்பதை நிறுத்த வேண்டியிருக்கும் என்றும் மட்டும் சொன்னார். நிறுத்தினால் சுற்றியிருக்கும் குடிசைகளிலிருந்து தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஐந்து மைல் நடக்க வேண்டும். பாதிப் பேர் போக மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவர் போனபின் எனக்கு முதலில் கோபம் வந்தது. "உன் கோபத்துல ஒரு பல்பு எரிய வெக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கோபம் இறங்கியபின் அந்தக் கேள்வி மட்டும் மிஞ்சியது. சார்ட்டும் சரி, சதுரமும் சரி. அது எப்படி? சோறு பிசையும்போதும் அதுதான், தெருக்குழாயில் வரிசையில் நிற்கும்போதும் அதுதான். ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லையென்றால் மண்டைக்குள் குடைச்சல் எடுத்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

இரண்டு வாரத்தில் சாமான்கள் வந்தன. புதுத் தகடு இரண்டு, புது பேட்டரி இரண்டு, சார்ஜை அளந்து விடுகிற புது கன்ட்ரோல் பெட்டி ஒன்று. பழைய பெட்டி செங்கல் கனம் இருக்கும். இது சோப்பு டப்பா அளவு. பச்சையாக ஒரு விளக்கு, சிவப்பாக ஒரு விளக்கு.

மாட்டுவதற்கு ராஜப்பா அண்ணனைக் கூப்பிட்டேன். மைன்ஸ் லேம்ப் ரூமில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். கீழே இறங்குகிறவர்களின் தொப்பி விளக்குகளுக்குச் சார்ஜ் ஏற்றி, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கொடுத்து வாங்குகிற வேலை. போன வருஷம்தான் வி.ஆர்.எஸ். வாங்கியிருந்தார். எங்கள் பேட்டரிகளை ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொள்பவரும் அவர்தான். டீயைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார், ஆனால் டீயில் சர்க்கரை குறைந்தால் ஒரு வாரம் பேச மாட்டார்.

புதுப் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டார், முகர்ந்தார், கையில் வைத்து எடை பார்த்தார்.

"இன்னா சிஸ்டர், சத்தமும் இல்ல, வாசனையும் இல்ல. இது உள்ள இன்னாதான் பண்ணுது?"

"அதைத்தான் நீங்க சொல்வீங்கன்னு நான் உக்காந்திருக்கேன்."

"கேளுங்க கேளுங்க. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா," என்று சிரித்தபடி திருப்புளியை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் தகடுகள் ஏறிவிட்டன. பேட்டரி அறைக்குள் போய்ப் பார்த்தேன். பழைய பேட்டரி ஒன்றுக்குப் பக்கத்தில் புதியது ஒன்று, மறுபடி பழையது, பக்கத்தில் புதியது என்று வைத்து, ஜோடி ஜோடியாகக் கம்பி சேர்த்து, ஜோடி இரண்டையும் ஒன்றாக இணைத்துக்கொண்டிருந்தார்.

"பழசு எதுக்குண்ணா? அதான் புதுசு வந்தாச்சே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ தப்பு வார்த்தை பேசிவிட்டது போலிருந்தது.

"நம்ம ஊர்ல இருந்துக்கினு நீங்க இப்டி கேக்கலாமா? புது ஆள என்னிக்காவது தனியா கேஜ்ல எறக்கி வுட்டுருக்காங்களா? கூட ஒரு பழைய ஆளு போவணும். புதுசுக்கு வேகம் கீது, பழசுக்கு நிதானம் கீது. தொண்ணூத்தி மூணுல ஒரு பேட்டரி போச்சே, அப்பவும் புதுச பழசோடதான் ஜோடி சேத்தேன். ஆறு வருசம் ஓடிச்சா இல்லியா?"

"ஓடிச்சு."

எங்கள் ஊரில் இந்த விஷயத்துக்கு மறுபேச்சு கிடையாது. என் வீட்டுக்காரர் முதன்முதலாகச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் கூண்டில் இறங்கிய அன்று பக்கத்தில் நின்ற பெரியவரின் பெயரை இன்றைக்கும் மரியாதையோடு சொல்வார். அந்தப் பெரியவர் மட்டும் சட்டையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் எனக்கு வீட்டுக்காரரே இருந்திருக்க மாட்டார். அதனால் நானும் தலையாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை அதிகமாகவே போட்டேன்.

மறுநாள் புதுக் குப்பிகள் வந்தன. இந்தத் தடவை நான் ஏமாறுவதாக இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினம் ஒரு வட்டம் போட்டு, நடுவில் சதுரம் எந்த அளவுக்குக் கறுத்திருக்கிறதோ அந்த அளவுக்குப் பென்சிலால் தீட்டி வைத்தேன். முதல் இரண்டு நாள் வெள்ளை. மூன்றாம் நாள் எனக்கே சந்தேகம். ஏழாம் நாள் சந்தேகமேயில்லை, மங்கலாகச் சாம்பல் படிந்திருந்தது. சார்ட்டில் அதே ஏழு, அதே நாலு.

அப்புறம் நான் செய்யாதது இல்லை. ஃப்ரிட்ஜ் மூடியின் ரப்பர் சரியாகப் பொருந்துகிறதா என்று சுற்றிலும் காகிதம் செருகி இழுத்துப் பார்த்தேன். தெர்மாமீட்டர் மேல் சந்தேகப்பட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொன்று இரவல் வாங்கிப் பக்கத்தில் தொங்கவிட்டேன். இரண்டும் ஒன்றையே காட்டின. பிறகு சயனைட் மேட்டின் மேல் பழியைப் போட்டேன். தங்கம் எடுத்தபின் கொட்டிய அந்த வெள்ளை மண் மேட்டிலிருந்து பங்குனிக் காற்றில் புழுதி கிளம்பினால் எங்கள் தகடுகள் மாவு தூவினதுபோல் ஆகிவிடும். தினம் காலையில் துடைக்கிற வேலம்மாளை மத்தியானமும் துடைக்கச் சொன்னேன். சதுரம் அதன் பாட்டுக்குக் கறுத்துக்கொண்டு வந்தது.

வேலம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிஸ்பென்சரிக்குப் பின்னாலிருக்கும் குடிசை வரிசையில் இருக்கிறாள். புருஷன் கோவிந்தன் மைன்ஸில் டிராலி தள்ளுகிறான். விடிவதற்குள் வந்து பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, ஏணி போட்டுத் தகடுகளைத் துடைத்து, நான் வந்தபின் போவாள். அவள் மகள் நேத்ராவுக்கு ஐந்து வயது. பதினோரு மாதக் குழந்தையாக இருக்கும்போது போலியோ வந்து வலது கால் போய்விட்டது. இரும்புப் பட்டை கட்டிய காலோடு டக் டக்கென்று எங்கள் படியில் ஏறி உட்கார்ந்து, வருகிற நோயாளிகளையெல்லாம் பெயர் விசாரிப்பாள்.

அந்தக் குழந்தைக்கு மூன்று தவணையும் சொட்டு போட்டது நான்தான். தொண்ணூற்று ஐந்தில் கால் விழுந்தபோது வேலம்மாளும் கோவிந்தனும் மாமியாரும் என் முன்னால் வந்து நின்றார்கள். "மருந்து போட்டுமா வரும்?" என்று கோவிந்தன் கேட்டான். நான் சார்ட்டை எடுத்து விரித்தேன். என் மருந்தில் ஒரு குறையும் இல்லை என்று காட்டினேன். பிறகு ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மூன்றாவது சொட்டு பன்னிரண்டு நாள் தள்ளிப் போடப்பட்டிருந்தது. ஆம்பூரில் அம்மா வீட்டுக்குப் போன வேலம்மாள் சொன்ன நாளில் திரும்பி வரவில்லை. "இதோ இருக்கு பாருங்க காரணம். பன்னெண்டு நாள். தேதியைச் சொன்னா மதிச்சு வரணும்," என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். வேலம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த மாதம் இந்த வேலை கேட்டு வந்தாள், நானும் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு நாள் அவள் நேரம் தவறி வந்ததில்லை.

பத்தாம் நாள் காலை. நான் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து அதன் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலம்மாள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"இப்போ நல்லா சத்தம் போடுது நர்ஸம்மா. நான் வரும்போதுதான் பொட்டி தூங்கிக்கினு இருக்கும்."

"தூங்கிக்கினுன்னா?"

"சத்தமே இருக்காது. வெயிலு வந்தப்பறம்தான் எழுந்துக்கும். எப்பவும் அப்டித்தானே. நம்மள மாதிரி அதுக்கும் ராத்திரி தூக்கம்னு நெனச்சிக்கினேன்."

"எப்பவும்னா எத்தனை நாளா?"

"நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருஷம் அவளிடம் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதுதான் உறைத்தது. பெருக்குகிறவளிடம் ஃப்ரிட்ஜைப் பற்றி யார் கேட்பார்கள்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் சங்குக்கு முன்னால் ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருக்கும் என் வீட்டை விட்டுக் கிளம்பினேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் யாருக்குப் பிரசவம் என்று கேட்டார்கள். ஃப்ரிட்ஜுக்கு என்று சொல்லிவிட்டு நடந்தேன். கதவைத் திறந்தபோது உள்ளே சத்தமே இல்லை. கன்ட்ரோல் பெட்டியில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் தூக்கித் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். பதினாலு.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏழு மணிக்கு வெயில் தகட்டில் ஏறியது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம், பிறகு மோட்டார் முனகத் தொடங்கியது. அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதினேன். பதினாலு. பன்னிரண்டு. பத்து. எட்டு. சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்தபோது எழுந்து பார்த்தேன். சரியாக ஏழு.

டாக்டரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சார்ட் பொய் சொல்லவில்லை. ஒன்பது மணிக்குக் கேட்டால் ஒன்பது மணிக்கு உள்ளதைச் சொன்னது. மற்ற நேரத்தை நான் கேட்கவில்லை. சதுரத்துக்கு அப்படி ஒன்பது மணி, நாலு மணியெல்லாம் கிடையாது, அது இராப்பகலாக முழித்துக்கொண்டிருந்தது.

ராஜப்பா அண்ணனை வரச் சொன்னேன். பேட்டரித் தண்ணீரின் கனத்தை வைத்துச் சார்ஜ் அளக்கிற கண்ணாடிக் குழாயோடு வந்தார். சாயங்காலம் பார்த்தபோது எல்லாம் நிறைந்திருந்தன. மறுநாள் விடியலில் பார்த்தபோது நாலுமே வற்றியிருந்தன.

"ஃப்ரிட்ஜ் பொட்டிதான் சிஸ்டர் ரொம்ப இழுக்குது. பழைய பொட்டி. அத்த மாத்தச் சொல்லுங்க."

"பொட்டியா, பேட்டரியா?"

"என் கை வெச்ச பேட்டரியவா சொல்றீங்க?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆயிரம் பேரு என் வெளக்க நம்பிக் கீழ எறங்கினாங்க. ஒரு வெளக்கு நடுவுல அணைஞ்சுதுன்னு எவனாவது சொல்லட்டும்."

"நான் உங்களைச் சொல்லலண்ணா. சார்ஜை யாரு குடிக்கறாங்கன்னு தெரியணும், அவ்ளோதான். இன்னிக்கு ஒரு நாள் பொட்டியை நிறுத்திப் பாப்போமா?"

அவர் என்னை முறைத்தார். ஆனால் அந்த யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது என்பது முறைப்பிலேயே தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டி வாங்கி வந்து குப்பிகளை அதில் மாற்றினேன். பொழுது சாய்ந்ததும் ஃப்ரிட்ஜின் கம்பியை அவரே கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டார். நான் இரவில் வந்து மாட்டிவிடுவேன் என்று பயம் போலிருக்கிறது.

விடிந்ததும் இருவரும் ஒன்றாகவே பேட்டரி அறைக்குள் நுழைந்தோம். அவர் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாமே பாதிக்கும் கீழே.

"பொட்டியை நிறுத்தியாச்சு. விளக்கு ஒண்ணுகூடப் போடல," என்றேன். "அப்போ குடிச்சது யாரு?"

அவர் குனிந்து புது பேட்டரியைத் தொட்டார். பக்கத்திலிருந்த பழையதைத் தொட்டார். கையை எடுக்கவில்லை.

"இங்க வெச்சிப் பாருங்க."

வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. அவர் அந்தப் பழையதன் ஆறு மூடிகளில் ஒவ்வொன்றாகக் காதை வைத்துக் கேட்டு, நாலாவதில் நின்றார். எனக்கும் கேட்டது. உள்ளே குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"இதுல ஒரு அறை செத்துப் பூட்டுது," என்றார் மெதுவாக. "இதால சார்ஜ தாங்க முடியல. பக்கத்துல இருக்கறதுகிட்ட இழுத்துக்கினே கீது. புதுசு ராவெல்லாம் இதுக்குக் குடுத்துக் குடுத்தே காலியாவுது." கையைத் துடைத்துக்கொண்டார். "லேம்ப் ரூம்ல ஒரு ஆளுக்கு ஒரு பேட்டரி. ரெண்ட சேத்துக் கட்டின வேலையே அங்க இல்ல சிஸ்டர். ஆளுங்களுக்கு இருக்கற சட்டத்த நான் இதுங்களுக்குப் போட்டுட்டேன்."

அன்றைக்கே பழையவை இரண்டையும் கழற்றி வெளியே வைத்தார். அடுத்த நாள் விடியலில் ஐந்து டிகிரி. அதற்கடுத்த நாளும் ஐந்து. ஒன்பது மணிக்கும் ஐந்து, நாலு மணிக்கு நாலு. புதிதாக வந்த குப்பிகளில் சதுரம் பல் போல் வெள்ளையாக நின்றது. மாதக் கடைசியில் டாக்டர் பிரதாப் வந்து பார்த்து, காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "சூப்பர் சிஸ்டர், நீங்க இன்ஜினியருக்குப் படிச்சிருக்கணும்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டிஸ்பென்சரி பிழைத்தது. ராஜப்பா அண்ணன் சர்க்கரை கேட்டு வாங்கி டீ குடித்தார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மண்டைக் குடைச்சல் இன்னும் பாக்கியிருந்தது. புதுசு இரண்டும் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலம்மாளோ வேலைக்கு வந்த நாள் முதல் பொட்டி தூங்குகிறது என்றாள். அப்படியென்றால் எப்போதிலிருந்து?

டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய சார்ட்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினேன். எண்பத்தொன்பது: காலை நாலு, சாயங்காலம் நாலு. தொண்ணூறு, தொண்ணூற்று ஒன்று, இரண்டு எல்லாம் அப்படியே. தொண்ணூற்று மூன்று ஆகஸ்ட் பதினேழில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'ஒரு பேட்டரி மாற்றப்பட்டது.' அக்டோபரில் காலை ஐந்து. நவம்பரில் ஆறு. டிசம்பரில் ஏழு. அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கும் மேலாகக் காலை ஏழு, சாயங்காலம் நாலு.

காலையில் ஊரே குளிரில் நடுங்கும். சாயங்காலம் தகரக் கூரை காயும். குளிர் நேரத்தில் ஃப்ரிட்ஜ் சூடாகவும் வெயில் நேரத்தில் குளிர்ச்சியாகவும் இருந்திருக்கிறது. தலைகீழ். இரண்டாயிரம் தடவை அதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. மற்றவர் வீட்டில் இருமினால்கூட ஏன் என்று கேட்கிறவள் நான்.

பிறகு ரிஜிஸ்டரை எடுத்தேன். எந்தப் பக்கத்தைத் தேடுகிறேன் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. நேத்ரா, தகப்பன் பெயர் கோவிந்தன். முதல் சொட்டு தொண்ணூற்று நாலு மே. இரண்டாவது ஜூன். மூன்றாவது ஆகஸ்ட், பன்னிரண்டு நாள் தாமதம். மூன்றும் விடியலில் வெந்துகொண்டிருந்த பெட்டியிலிருந்து கொடுத்தவை. மே மாத ராத்திரிகளில் அதற்குள் எத்தனை டிகிரி ஏறியிருக்குமோ, அது எந்தச் சார்ட்டிலும் இல்லை.

நல்ல மருந்துகூடச் சில குழந்தைகளின் உடம்பில் பிடிக்காமல் போவதுண்டு. படிப்பில் சொல்லிக்கொடுத்ததுதான், எனக்கும் தெரியும். நேத்ராவுக்கும் அப்படி இருக்கலாம். யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு நான் நிச்சயமாகச் சொன்னேன். பன்னிரண்டு நாள் என்று எல்லார் முன்னாலும் விரலை நீட்டிச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே டாக்டருக்கு எழுதினேன். தொண்ணூற்று மூன்று கடைசியிலிருந்து இங்கே மருந்து போட்ட குழந்தைகளின் பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதி, மறுபடியும் சொட்டு போட வேண்டும் என்றும் காரணம் இன்னது என்றும் தெளிவாக எழுதி அனுப்பினேன். வேலை போனால் போகட்டும். அது சுலபமான கடிதம். கஷ்டமானது மறுநாள் காலையில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தது.

வரச் சொல்லியிருந்த ராஜப்பா அண்ணனிடம் முதலில் சார்ட்டுகளையும் நேத்ராவின் ரிஜிஸ்டர் பக்கத்தையும் காட்டினேன். ஆகஸ்ட் பதினேழில் விரலை வைத்து அப்படியே நின்றார்.

"நான் ஜோடி சேத்த தேதி," என்றார். படியில் டக் டக்கென்று ஏறி வந்த நேத்ரா, "தாத்தா, உங்க பேரு இன்னா?" என்று நூறாவது தடவையாகக் கேட்டாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலம்மாளைக் கீழே இறங்கச் சொன்னேன். கையில் ஈரத்துணியோடு வந்து நின்றாள். என்னால் சுற்றி வளைக்க முடியாது. பேட்டரியையும், தூங்கின பெட்டியையும், காலை ஏழு டிகிரியையும் சொன்னேன். எந்த மாதத்திலிருந்து என்று சொன்னேன். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் சார்ட்டை வாங்கி உற்றுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அந்தப் பன்னெண்டு நாளு?"

"அந்தப் பன்னெண்டு நாளால ஒண்ணும் வரல வேலு. நீ சொன்ன தேதிக்கே வந்திருந்தாலும் நான் இதே பொட்டியிலேர்ந்துதான் எடுத்துப் போட்டிருப்பேன். நான் தெரியாம உன்மேல பழி போட்டுட்டேன். தப்பு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அவள் துணியை நாலாக மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"நாலு வருசமா நான் எங்கம்மா வூட்டுக்குப் போவல நர்ஸம்மா," என்றாள். "அங்க போய்த்தான புள்ள காலு போச்சுன்னு அனுப்ப மாட்டாங்க. எங்கம்மா ரெண்டு தபா வந்துச்சு. வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பிட்டாங்க. நானும், நம்ம மேலதான தப்புன்னு உள்ளயே உக்காந்துக்கினேன்."

நான் ஒரு நாள் சத்தம் போட்டுவிட்டு மறந்த வார்த்தை அந்த வீட்டில் நாலு வருஷமாகச் சட்டமாக இருந்திருக்கிறது. தினமும் அவளைப் பார்க்கிறேன். இதையும் நான் கேட்டதில்லை.

"என்கிட்ட சொன்னா பத்தாது," என்றாள் வேலம்மாள். குரல் உயரவில்லை. "அன்னிக்கு எல்லாரு முன்னாடியும்தான சொன்னீங்க. வூட்ல வந்து சொல்லுங்க. நைட் ஷிஃப்ட் முடிஞ்சி அவரு இப்போ வந்துடுவாரு. மாமியாரும் இருக்காங்க."

"வரேன்," என்றேன்.

சார்ட்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். படியிறங்கும்போது கால் கொஞ்சம் தயங்கியது உண்மை. பிரசவத்துக்கும் சாவுக்கும் எத்தனையோ வீடுகளுக்குத் தனியாகப் போயிருக்கிறேன், எந்த வாசலும் என்னைப் பயமுறுத்தியதில்லை. ராஜப்பா அண்ணன் மூலையில் கிடந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கண்ணா?"

"தனியா போவ வேணாம் சிஸ்டர்," என்றார். "கூட ஒரு பழைய ஆளு வரணும்."

நேத்ரா முன்னால் நடந்தாள். வீட்டுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போகிற சந்தோஷம் அவளுக்கு. கோவிந்தன் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். மாமியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் குடிசைகளிலிருந்து இரண்டு மூன்று பேர் வெளியே வந்தார்கள். வரட்டும் என்று நானும் காத்திருந்தேன். கோவிந்தன் உட்காரச் சொல்லி ஸ்டூலை எடுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே சார்ட்டைப் பிரித்தேன்.

"வேலு மேல ஒரு தப்பும் இல்ல கோவிந்தா," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "தப்பு என்னுது."

"எங்களுது," என்று பக்கத்தில் நின்ற ராஜப்பா அண்ணன் திருத்தினார்.